கடலடியில் நேர்ச்சாலைகள்: எம்மெலோர்ட்டைச் சுற்றிச் சைக்கிளில்

புதன்: காம்பென், என்ஸ், எம்மெலோர்ட்

நெதர்லாந்தின் எம்மெலோர்ட் நகருக்கு ரயில் கிடையாது. சைக்கிளோடு வருகிறவர்கள் ஸ்வொல்ல நிலையத்தில் வண்டி மாறி, காம்பெனில் இறங்கி, மீதித் தூரத்தை மிதித்துத்தான் கடக்க வேண்டும். நெதர்லாந்து ரயில்களில் வார நாட்களில் காலை 6.30 முதல் 9 மணி வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் சைக்கிள் ஏற்ற முடியாது. மற்ற நேரங்களில் சைக்கிளுக்கென்று தனி டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். காலை நெரிசல் ஓய்ந்த பிறகு கிளம்பி, நண்பகலுக்குக் காம்பென் வந்து சேர்ந்தேன். ஏப்ரல் மூன்றாம் வாரம். வெயில் இருக்கிறது, ஆனால் கையுறையைக் கழற்ற மனம் வரவில்லை.

மலை, மேடு, மறைப்பு எதுவும் இல்லாத நிலத்தில் சாலைச் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம். ஐரோப்பாவில் சைக்கிள் என்றதும் எல்லோரும் ஆல்ப்ஸ் கணவாய்களைத்தான் தேடுகிறார்கள். சமவெளியில் ஏற்றம் இல்லை, ஆகவே உழைப்பும் இல்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இதை ஒருபோதும் நான் ஒப்புக்கொண்டதில்லை. என் கட்சிக்கு, நீரை இறைத்து மீட்ட தாழ்நிலமான வடகிழக்குப் போல்டரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1932 வரை இங்கே அலையடித்தது சைடர்சே என்ற உப்புக் கடல். அந்த ஆண்டு அஃப்ஸ்லைட்டைக் என்னும் 32 கிலோமீட்டர் நீள அணை அதன் வாயை அடைத்தது. கடல் நன்னீர் ஏரியாயிற்று. அந்த ஏரிக்குள் ஒரு பகுதியைக் கரை கட்டி வளைத்து, நீரை இறைத்துக் கொட்டி, 1942 செப்டம்பரில் தரையாக்கினார்கள். ஏறத்தாழ 48,000 ஹெக்டேர். அதன் நட்டநடுவில் திட்டமிட்டு எழுப்பிய சிறுநகரம்தான் எம்மெலோர்ட்.

காம்பெனிலிருந்து வடக்கே முதலில் வருவது பழைய நிலம். ஐசல் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் தீவுகள் காலப்போக்கில் ஒன்றாகி இந்தப் புல்வெளிகள் ஆயின. பண்ணை வீடுகள் ஒவ்வொன்றும் மனிதர் கொட்டி உயர்த்திய மண்திட்டின் மேல் நிற்கின்றன. அந்தக் காலத்தில் புயல் வந்தால் கடல் வாசல்வரை வரும். சாலை பழைய நீரோட்டத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. நீண்ட அலகுள்ள மூக்கான் பறவைகள் புல்லிலிருந்து கத்திக்கொண்டே எழும்பின. கூடு அருகில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து ராம்ஸ்போல். இங்கே நீருக்கடியில் ஒரு விசித்திரமான அணை படுத்திருக்கிறது. புயல்காற்று ஏரிநீரைக் கிழக்கே தள்ளினால், குறுகலான இந்த வழியாக அது ஸ்வொல்ல வரை ஏறிவிடும். அதைத் தடுக்க 2002 முதல் மூன்று பெரிய ரப்பர்த் துருத்திகள் ஆற்றடியில் மடித்துவைக்கப்பட்டிருக்கின்றன. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே போய், ஓட்டமும் உள்நோக்கித் திரும்பினால், துருத்திகளுக்குள் காற்றும் நீரும் நிரப்பப்படும். அவை உப்பி எழுந்து அணையாகிவிடும். இன்று நீர் அமைதியாக இருந்தது. கரையோரக் கட்டடங்களைத் தவிரக் கண்ணில் பட ஒன்றுமில்லை. இருந்தும் பாலத்தின் மேல் வெகுநேரம் நின்றேன்.

பாலம் தாண்டிச் சாலை இறங்குகிறது. நாள் முழுவதும் பார்த்த ஒரே இறக்கம் அதுதான். சைக்கிள்மானியில் உயரம் சுழியத்துக்குக் கீழே போனது. இனி வரும் நாட்களில் நான் கடல்மட்டத்துக்கு மூன்று நான்கு மீட்டர் கீழேயே ஓட்டிக்கொண்டிருப்பேன். இறங்கியதும் சாலையின் குணம் அடியோடு மாறிவிடுகிறது. வளைவு இல்லை. வாய்க்கால், வயல், வாய்க்கால், வயல். தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம், அது என்ஸ். அதையும் தாண்டிக் கண்ணுக்கு எட்டும் கடைசிப் புள்ளியில் எம்மெலோர்ட்டின் கோபுரம். 65 மீட்டர் உயரம், 1959-இல் கட்டி முடித்தது. தண்ணீர்த் தொட்டியாக இருந்துகொண்டே 48 மணிகளைத் தாங்கி நின்றது. அதை நோக்கி மிதித்தால் போதும், வரைபடம் தேவையில்லை. ஆனால் அரை மணி நேரம் மிதித்த பிறகும் கோபுரம் அதே அளவில்தான் தெரிகிறது. இந்த நிலத்தின் முதல் பாடம் அதுவே: தூரத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது.

வியாழன்: சதுரங்கள், மரவேலிகள், டியூலிப்

காலையில் காற்று மெலிதாக இருந்ததால் திட்டம் ஏதுமின்றிக் கிளம்பினேன். திட்டம் இல்லாமல் போனாலும் வழி தப்பாத ஏற்பாடு இந்த நாட்டில் உண்டு. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு எண் எழுதிய பலகை இருக்கும். அடுத்த எண்ணுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். போக வேண்டிய எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. 1990-களில் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் ஹூகோ போலென் என்ற சுரங்கப் பொறியாளர் தொடங்கி வைத்த முறை இது. பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவியது. கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். தலை நிமிர்ந்திருக்கும், கண் வெளியில் இருக்கும்.

போல்டரின் அடிப்படை அலகு 300 மீட்டர் அகலமும் 800 மீட்டர் நீளமும் கொண்ட நிலத்துண்டு, அதாவது 24 ஹெக்டேர். பண்ணைகள் அதன் பாதியாகவோ மடங்காகவோ பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒரு நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் மிதித்தால் இது உடம்பிலேயே தெரிகிறது: பண்ணை, வெட்டவெளி, பண்ணை, வெட்டவெளி என்று ஒரு தாளம். ஒவ்வொரு பண்ணையையும் சுற்றி நெருக்கமான மரவேலி. முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். அந்த மரங்கள் அழகுக்காக நட்டவை அல்ல. மரவேலி இல்லாவிட்டால் இந்த வெளியில் காற்று வீட்டையும் தொழுவத்தையும் சும்மா விடாது. சைக்கிள்காரனுக்கும் அதில் பங்கு உண்டு. மரவேலியைக் கடக்கும் சில நொடிகள் காற்று நிற்கும், மறுபடி வெளிக்கு வந்ததும் ஓங்கி அடிக்கும். அந்த நிமிடத்தில் ஹேண்டில்பாரை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும்.

என்ஸுக்கு அருகே ஒரு பண்ணை வாசலில், ஓய்வுபெற்ற உழவர் ஒருவர் வண்டிப்பாதையில் ஒட்டியிருந்த களிமண்ணை வாரிக்கொண்டிருந்தார். தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டதும் குடுவையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தவர், தன் தந்தை இந்தப் பண்ணைக்கு விண்ணப்பித்த கதையைச் சொன்னார். நிலம் அரசினுடையது, குத்தகைக்குத்தான் கிடைக்கும். கேட்டவர்கள் ஏராளம். அதனால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். உழவுத்திறன் மட்டும் போதாது, குடும்பம் எப்படி நடக்கிறது, அடுப்படி சுத்தமாக இருக்கிறதா என்பதுவரை கவனிப்பார்கள். இப்படிப் பொறுக்கியெடுத்தவர்களோடு, 1953 வெள்ளத்தில் அடிபட்ட தென்மேற்கு மாகாணமான ஸேலாந்தின் உழவர்களுக்கும் இங்கே இடம் கொடுத்தார்கள். "எங்கள் அம்மாவைப் பார்த்துத்தான் பண்ணையைக் கொடுத்தார்கள்" என்றார் பெரியவர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான்.

எம்மெலோர்ட்டைச் சுற்றி வளையமாகப் பத்துக் கிராமங்கள் இருக்கின்றன. என்ஸ், கிராகென்பர்க், மார்க்னெஸ்ஸே, லுட்டெல்கேஸ்ட், பான்ட், ருட்டென், கிரெய்ல், எஸ்பெல், டோலெபேக், நாகெலே. இந்த வரிசையில் ஒரு சுற்று வரலாம். முழுச் சுற்றும் வேண்டாம் என்றால் எந்தக் கிராமத்திலிருந்தும் நடுவில் இருக்கும் நகரத்துக்குச் சாலை உண்டு. பெரும்பாலான கிராமங்களிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். இது தற்செயல் இல்லை. 1940-களில் திட்டம் போட்டபோது பண்ணைத் தொழிலாளர்களிடம் கார் கிடையாது, சைக்கிள்தான். வேலைக்கும் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் கடைக்கும் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம் எதுவோ, அதைக் கணக்கிட்டுத்தான் கிராமங்களை வைத்தார்கள். முதலில் இதைவிடக் குறைவான எண்ணிக்கைதான் திட்டத்தில் இருந்தது. சைக்கிள் தூரம் அதிகமாகிவிடும் என்பதால் பத்தாக்கினார்கள். பிறகு கார்கள் வந்தன, இயந்திரங்கள் வந்தன, பண்ணை ஆட்கள் குறைந்தார்கள். கிராமங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் தூரம் அப்படியே சாலையில் நிற்கிறது. ஒரு மனிதனின் இரண்டு கால்களை அளவுகோலாக வைத்து வரைந்த நாட்டுப்புறம் இது. அதில் சைக்கிளில் போகும்போது எல்லாம் சரியான இடத்தில், சரியான நேரத்தில் வருகின்றன. பசி எடுக்கும்போது ஒரு கிராமம் வரும்.

பான்ட்டைத் தாண்டி டியூலிப் வயல்கள். படங்களில் பார்த்துப் பழகிய பட்டை பட்டையான நிறங்கள்தான். நேரில் பார்க்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. சிவப்பு வயலின் நடுவே, கூரை போட்ட தாழ்வான வண்டி ஒன்றில் இரண்டு பேர் குப்புறக் குனிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். நச்சுயிரி தாக்கிய செடியைத் தேடுகிறார்கள். சிவப்பு இதழில் மெல்லிய வெள்ளைக் கீற்று, இலையில் வெளிறிய கோடு, அவ்வளவுதான் அடையாளம். கண்டதும் கிழங்கோடு பிடுங்கிப் பையில் போடுகிறார்கள். விட்டால் அசுவினிப் பூச்சி வயல் முழுக்கப் பரப்பிவிடும். பக்கத்து வயலில் பூக்களின் தலையை ஏற்கெனவே இயந்திரம் வெட்டித் தள்ளியிருந்தது. செடிகள் மொட்டைக் காம்புகளாக நிற்க, பார்களுக்கு இடையில் மஞ்சள் இதழ்கள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தன. இங்கே பயிர் என்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. பூவை விட்டுவைத்தால் சத்து விதைக்குப் போய்விடும், கிழங்கு பருக்காது. பூவைப் பார்க்க வருகிறவர்களுக்கு உழவர் காட்டும் தயவு, வெட்டுவதைச் சில நாட்கள் தள்ளிப்போடுவதுதான்.

வயலுக்குள் இறங்க வேண்டாம். காலணியிலும் டயரிலும் ஒட்டும் மண்ணோடு நோயும் அடுத்த வயலுக்குப் போகும். சாலையோரம் நின்றாலே போதுமான அளவு தெரிகிறது.

வெள்ளி: காற்று

தென்மேற்குக் காற்று, பியூஃபோர்ட் அளவில் 5. அதாவது மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். எம்மெலோர்ட்டில் கொடிக்கம்பங்களின் கயிறுகள் விடியற்காலையிலிருந்தே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

சமவெளியில் மலையின் வேலையைச் செய்வது காற்று. தட்டையான சாலையில் நல்ல வேகத்தில் போகும் சைக்கிளுக்கு எதிரி பெரும்பாலும் காற்றின் தடைதான். டயர் உராய்வு அதற்குப் பின்னால்தான் வரும். அந்தத் தடை காற்றின் ஒப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 25 கிலோமீட்டர் காற்று என்றால், முகத்தில் படுவது 50. தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. மலையேற்றத்தில் உச்சி என்று ஒன்று இருக்கும். அதைத் தாண்டினால் இறக்கம். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது. பெடலை ஒரு கணம் நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். கியரைக் குறைத்து, முழங்கையை மடித்து, முதுகைத் தாழ்த்தி, கால்சுழற்சியை மட்டும் சீராக வைத்துக்கொண்டு, வேகமானியைப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்ற கேள்விக்கு இங்கே பொருளே இல்லை. இதே நாட்டில் எதிர்க்காற்றில் ஓட்டுவதற்கென்றே ஒரு சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஸேலாந்தின் புயல்தடுப்பு அணை மேல் எட்டரைக் கிலோமீட்டர், கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில். புயல் எச்சரிக்கை வந்தால்தான் போட்டியையே அறிவிப்பார்கள்.

காற்றுள்ள நாளில் வழியைத் தீர்மானிக்க ஒரே விதிதான்: முதலில் காற்றை எதிர்த்துப் போ, களைத்த பிறகு அது உன்னை வீட்டுக்குத் தள்ளட்டும். ஆகவே எம்மெலோர்ட்டிலிருந்து தென்மேற்கே டோலெபேக் வழியாக உர்க் எல்லை வரை. அங்கிருந்து வடக்கே ஏரிக்கரை அணையை ஒட்டி லெம்மர். லெம்மரிலிருந்து தெற்கே பான்ட் வழியாகத் திரும்பல். மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடைசிப் பகுதியில் காற்று மறுபடி பக்கவாட்டில் பிடிக்கும், அதற்குத் தப்ப முடியாது.

டோலெபேக்கைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு குழு வந்தது. எல்லாம் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும். முன்னால் போனவர் கையசைத்து, சேர்ந்துகொள்ளும்படி சைகை காட்டினார். ஒருவர் பின்னால் ஒருவர் ஒண்டிப் போனால் பின்னால் இருப்பவருக்குக் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் இன்று காற்று சற்றுச் சாய்வாக, இடப்பக்கத்திலிருந்து வந்தது. அப்போது நேர் பின்னால் இருந்து பயனில்லை. முன்னவரின் வலப்புறத்தில் அரை வண்டி பின்தங்கி நிற்க வேண்டும். குழு முழுவதும் சாலைக்குக் குறுக்கே சாய்கோடாக விரிந்தது. இடது ஓரத்தில் முகப்பில் இருப்பவர் சிறிது நேரம் காற்றை வாங்கிவிட்டு, மெல்லப் பின்வாங்கிக் கோட்டின் கடைசிக்கு வருவார், அடுத்தவர் முகப்பில். பேச்சு இல்லை, கட்டளை இல்லை. எதிரே டிராக்டர் வந்தால் முன்னிருப்பவர் "தேகன்!" என்று கத்துவார், சைக்கிள் பாதையின் நடுவே நட்டிருக்கும் கம்பத்தைக் கண்டால் "பால்ட்யே!" என்பார், கோடு நொடியில் சுருங்கி ஒற்றை வரிசையாகும். என் முறை வந்தபோது முகப்பில் நின்றேன். காது முழுக்க ஒரே இரைச்சல். முன்சக்கரத்துக்கு அடியில் ஓடும் தார்ச்சாலையின் சொரசொரப்பைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. தோளில் தட்டுப்பட்டது போதும் என்ற சைகை, பின்னால் போனேன். பத்து நிமிடம் முன்பு முகம் தெரியாதவர்கள். அந்தச் சாய்கோட்டுக்குள் நுழைந்த பிறகு ஒருவர் மூச்சு மற்றவர் பொறுப்பு. மலையில் இது கிடைக்காது. மலையில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் ஏறுகிறார்கள்.

உர்க் அருகே அவர்கள் கிழக்கே திரும்பினார்கள், நான் வடக்கே. காற்று முதுகுக்கு வந்தது. திடீரென்று உலகம் ஓசையற்றுப் போனது. முப்பது, முப்பத்தைந்து, அதற்கும் மேல். சங்கிலியின் ஓசை மட்டும் கேட்டது. இடப்பக்கம் அணையின் புல்சரிவு, அதில் ஆடுகள். சாலை அணையின் உள் அடிவாரத்தில் போவதால் ஏரி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புல்லுக்கு அப்பால் நீர் என் தலைக்கு மேலே நிற்கிறது என்பது தெரியும். ஒரு இடத்தில் படியேறி மேலே போய் இருபுறமும் பார்த்தேன். மேற்கே நுரையடிக்கும் சாம்பல்நிற நீர்; கிழக்கே அதைவிட நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்வாக உழுத வயல். நடுவே ஒரு மண்கரை. அணை கட்டிய வரலாறு படித்திருக்கிறேன். ஆனால் ஒரே பார்வையில் இரண்டு மட்டங்களையும் பார்த்தபோதுதான் வயிற்றில் உறைத்தது.

அணை நெடுக 86 காற்றாலைகள். 38 கரையில், 48 ஏரிக்குள். கரையில் நிற்பவற்றின் இறக்கை நுனி ஏறத்தாழ 200 மீட்டர் உயரம் போகும். ஊர்க்காரர்கள் பலர் இவற்றை எதிர்த்து வழக்காடியிருக்கிறார்கள். தொடுவானத்தை விழுங்கிவிட்டன என்பது அவர்கள் குறை. அந்தக் குறை நியாயமானது. எனினும் நாள் முழுவதும் அதே காற்றோடு மல்லுக்கட்டிய எனக்கு, அந்த இறக்கைகள் சுற்றுவதைப் பார்க்கும்போது ஒரு நெருக்கம் உண்டாயிற்று. இறக்கையின் நிழல் சாலையைக் கடந்து போகும் போதெல்லாம் ஒரு கணம் குளிர்ந்தது.

லெம்மரில் வௌடா நீராவி இறைப்பு நிலையம். 1920-இல் அரசி வில்ஹெல்மினா திறந்து வைத்தது. இன்றும் இயங்கக்கூடிய நீராவி இறைப்பு நிலையங்களில் உலகிலேயே பெரியது. 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் நீர் மிஞ்சும் காலங்களில் இப்போதும் கொதிகலனை மூட்டுகிறார்கள். போல்டரின் நீரை இறைப்பது இது இல்லை. அந்த வேலை லெம்மர் அருகே பூமா, உர்க்கில் விஸெரிங், வோலென்ஹோவ பக்கம் ஸ்மேங்க என்ற மூன்று நிலையங்களுடையது. அவை நின்றால் நான் இத்தனை நாளும் ஓட்டும் சாலைகள் மெல்ல மெல்ல மறுபடி ஏரியாகிவிடும்.

சனி: உர்க், நாகெலே, ஸ்கோக்லாந்து

உர்க்குக்குச் சனிக்கிழமை போய்விடுவது நல்லது. ஞாயிறு அங்கே வழிபாட்டு நாள். கடைகள் அடைத்திருக்கும், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஒதுங்கியிருப்பதே மரியாதை.

உர்க் தீவாக இருந்த ஊர். 1939-இல் லெம்மரிலிருந்து வளர்ந்து வந்த அணை அதைத் தொட்டது. அன்றோடு தீவு நிலமாயிற்று. பனியுகத்தில் பனிப்பாறை தள்ளிவிட்டுப் போன களிமண் மேட்டில் இருப்பதால், ஊருக்குள் நுழையும்போது கியரை இரண்டு பல் மாற்ற வேண்டியிருந்தது. சந்துகள் குறுகல், வீடுகள் நெருக்கம். மேட்டின் விளிம்பில் மீனவர் நினைவிடம்: காற்றில் பாவாடை பறக்க, திரும்பிக் கடலைப் பார்க்கும் ஒரு பெண்ணின் சிலை. சுற்றிலும் பலகைகளில் கடலில் மாண்டவர்களின் பெயர்கள். பெயருக்கு எதிரே வயது. பதினைந்து வயதுக்கும் கீழே போகும் எண்களைக் கண்ட பிறகு படிப்பதை நிறுத்திக்கொண்டேன். கடல் ஏரியான பிறகும் உர்க் மீன்பிடியை விடவில்லை; படகுகள் வடகடலுக்குப் போகின்றன.

கிழக்கே நாகெலே. மற்ற ஒன்பது கிராமங்களிலும் சிவப்பு ஓட்டுச் சரிவுக் கூரைகள். நாகெலேயில் எல்லா வீடுகளுக்கும் தட்டைக் கூரை. ரீட்வெல்ட், ஆல்டோ வான் ஐக், வான் ஈஸ்டரென் போன்ற நவீனக் கட்டடக் கலைஞர்கள் கூடி வரைந்த ஊர் இது. மரங்களையும் செடிகளையும் தீர்மானித்தவர் மின் ருய்ஸ். நடுவில் பெரிய புல்வெளி, அதைச் சுற்றி வீட்டுத் தொகுதிகள், வெளியே அடர்ந்த மரவளையம். சைக்கிளில் அந்த வளையத்துக்குள் நுழைந்ததும் காற்று அறவே இல்லை. இந்த வெளியில் வாழ்பவர்களுக்கு வீட்டுக்கு முன்பே முதலில் தேவைப்படுவது ஒதுக்கிடம் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை.

ஸ்கோக்லாந்தைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும்.

வயல்களின் நடுவே ஒரு மெல்லிய நீண்ட மேடு. தொலைவில் மரவரிசை என்றுதான் தோன்றும். அருகே போனால் சாலை கண்டும் காணாமலும் ஏறுகிறது. அதுதான் பழைய தீவின் கரை. 1859 வரை இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். கடல் ஆண்டுக்கு ஆண்டு தீவைக் கரைத்தது, மீன்பிடி நொடித்தது, 1825 வெள்ளம் ஒரு பெரும் அடி. கடைசியில் தீவைக் காலிசெய்யும்படி அரசு உத்தரவிட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை இடித்துவிட்டுச் சுற்றுவட்டக் கரையூர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களைத் துரத்திய கடலே இல்லாமல் போனது. தீவின் வடமுனையில் இருந்த கிராமத்தின் பெயர் எம்மெலோர்ட். புது நகரத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்தப் பழைய எம்மெலோர்ட்டில் துறைமுகம் இன்றும் இருக்கிறது. இரண்டு மரத் தடுப்புகள் கைநீட்டியதுபோல் வெளியே போகின்றன, நடுவில் படகு நிற்க வேண்டிய இடத்தில் புல். தடுப்பின் முனையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கப்பல் வரும் திசையில் உருளைக்கிழங்குப் பார்கள். மரக்கட்டைகளில் கயிறு அறுத்த பள்ளங்களைப்போல் ஏதோ தெரிந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். நடுவூரில் 1834-இல் கட்டிய சிறு தேவாலயம் நிற்கிறது. சுற்றிலும் மரத்தூண் அரண். 1995-இல் நெதர்லாந்திலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதலில் ஏறிய இடம் ஸ்கோக்லாந்துதான்.

நிலமான பிறகும் தீவு தாழ்ந்துகொண்டிருக்கிறது. சுற்றியுள்ள வயல்களில் உழவுக்காக நீர்மட்டத்தைக் குறைத்தால், தீவின் அடியிலிருக்கும், மட்கிய செடிகளால் ஆன முற்றாநிலக்கரி மண் காய்ந்து, காற்றுப்பட்டுச் சிதைந்து, சுருங்குகிறது. அதைத் தடுக்கத் தீவின் ஓரமாக ஒரு பட்டையில் நீரை வேண்டுமென்றே உயரமாக வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் நீரிடமிருந்து காக்க வேண்டியிருந்த இடத்தை இப்போது நீரைக் கொண்டு காக்கிறார்கள். தீவை ஒட்டிய பாதையில் ஒரு பக்கம் ஈரப் புல்வெளி, மறுபக்கம் உலர்ந்த உழவு. நடுவே என் 28 மில்லிமீட்டர் டயர். இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு பாதையைத்தான் ஓட்ட முடியும் என்றால் இதை ஓட்டுங்கள். தெற்கு முனையிலிருந்து வடக்கே, தென்மேற்குக் காற்று உள்ள நாளில், மெதுவாக.

ஞாயிறு: மார்க்னெஸ்ஸே, வோலென்ஹோவ, ஸ்டேன்வைக்

காற்று விழுந்துவிட்டது. கிழக்கே மார்க்னெஸ்ஸே வழியாகப் போல்டரை விட்டு வெளியேறும் நாள்.

மார்க்னெஸ்ஸேயைத் தாண்டி ஒரு காடு. இதற்குள் சைக்கிளைக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பூட்டிவிட்டு நடந்தேன். போருக்குப் பின் இங்கே நீரியல் ஆய்வுக்கூடம் ஒன்று திறந்தவெளியில் இயங்கியது. துறைமுகங்களையும் ஆற்று முகத்துவாரங்களையும் சிறிய அளவில் காட்டுக்குள் கட்டி, அலைவிட்டுப் பார்த்தார்கள். ராட்டர்டாமின் மாஸ்வ்ளாக்ட துறைமுகம் உட்படப் பலவற்றின் மாதிரிகள் பாசி படர்ந்து கிடக்கின்றன. இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் எளியது: வெளியே நீர் உயரம், உள்ளே போல்டர் பள்ளம், மதகைத் திறந்தால் போதும், பம்ப் இல்லாமலே நீர் ஓடும். கணினி வந்து 1996 வாக்கில் வேலை முடிந்தது. இருநூறு மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு கான்கிரீட் அலைத்தொட்டியின் சுவர்களை அறுத்துத் திருப்பி நிறுத்தி, 2018-இல் கலைப்படைப்பாக்கியிருக்கிறார்கள். நடப்பதற்குச் சைக்கிள் காலணி உதவாது. மாற்றுக் காலணி வைத்துக்கொள்ளுங்கள்.

வோலென்ஹோவவுக்குள் ஏறும்போது பழைய நிலம் தொடங்குகிறது. சாலை உடனே வளைகிறது. கடற்கரைத் துறைமுக ஊராக இருந்தது இப்போது வயல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போல்டரைத் திட்டமிட்டவர்கள் இந்த எல்லையில் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. புது நிலத்தைப் பழைய நிலத்தோடு நேராக ஒட்டவைத்தார்கள். தாழ்வான போல்டர் பழைய நிலத்தின் நிலத்தடி நீரை உறிஞ்சத் தொடங்கியது. இந்தப் பக்கத்துப் புல்வெளிகள் காய்ந்தன. அடுத்து ஃபிளெவோலாந்து போல்டர்களை உருவாக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட ஏரிப் பட்டையை விட்டார்கள்.

பிளாக்சைல் படகுத்துறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு, வளைந்து நெளியும் பழைய அணைச் சாலையில் ஸ்டேன்வைக் போய்ச் சேர்ந்தேன். நேர்ச்சாலைகளுக்குப் பழகிய பிறகு வளைவுகள் சற்று அவசரப்படுத்துவதுபோல் இருந்தன. அடுத்து வருவது தெரியாமல் பிரேக்கில் விரல் வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரயிலில் சைக்கிளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அடுத்த முறை அந்த ஏரிப் பட்டையின் ஓரமாக, எல்பர்கிலிருந்து ஹார்டர்வைக் வழியாகத் தென்மேற்கே போக வேண்டும். அக்டோபரில் போவதாக இருக்கிறேன். அப்போதும் காற்று தென்மேற்கில்தான் இருக்கும். ஆகவே போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில்.